காப்புப் பருவம்: நுகேகொடை அனெக்ஸ் ஒன்றில் முளைக்காமற்போன வால் குறித்து ஓர் ஆய்வு

சங்கப் பாடல்களில் யானை எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணிக் கலாநிதிப் பட்டம் வாங்கியவர்கள் நம்மிடையே உண்டு. காக்கை, கள், காற்சிலம்பு எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறது. கோப்பின் வாலை மட்டும் ஒருவரும் தொடவில்லை. இக்குறையை நீக்கும் பொருட்டே இவ்வாய்வு மேற்கொள்ளப்பட்டது. இப்படியொரு குறை இருப்பதாக என்னைத் தவிர வேறெவரும் முறையிடவில்லை என்பதையும் ஆய்வு நேர்மை கருதி முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கோப்பின் வால் யாதெனில்: ஈமேக்ஸ் என்னும் எடிட்டரில் ‘சம்பளம்’ என்றொரு கோப்பைத் திறந்து, ஓர் எழுத்தை மாற்றிச் சேவ் பண்ணினால், பக்கத்தில் ‘சம்பளம்~’ என்று இன்னொன்று வந்து உட்கார்ந்திருக்கும். திருத்துமுன் இருந்த பழைய கோப்புத்தான் அது. கடைசியில் நெளிகிற அந்தக் குறியை ஆபீஸில் டில்டே என்பார்கள். கட்டுரையின் கௌரவத்தை உத்தேசித்து இங்கே அலைக்குறி எனப்படும்.

ஆனால் அதே கோப்பை கிட் போன்ற ஒரு பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள் ஏற்கெனவே கவனித்துக்கொண்டிருந்தால், ஈமேக்ஸ் அதற்கு வால் முளைக்க விடாது. ‘பார்க்க ஆள் இருக்கிறதே, நான் எதற்கு’ என்று ஒதுங்கிக்கொள்ளும். அது சரியா என்பதே ஆய்வு வினா.

காப்பு என்னும் சொல்

காப்பு என்றால் கையில் போடுவது. கோயில் திருவிழாவுக்குக் கட்டுவது. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் முதலாவதும் காப்புப் பருவம்தான். குழந்தையைக் காக்கும்படி தெய்வங்களைக் கூப்பிட்டு ஒப்படைக்கிற இடம். நூல் எழுதப் புகுகிறவர் முதலில் பிள்ளையாருக்கு ஒரு காப்புச் செய்யுள் பாடிவிட்டுத்தான் நூலுக்குள் நுழைவார்.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. காப்புச் செய்யுள் தொடக்கத்தில் ஒரு தடவைதான் வரும். முப்பத்தேழாம் பாட்டில் நின்று ‘எதற்கும் இன்னொன்று இருக்கட்டும்’ என்று எந்தப் புலவரும் மறுபடி காப்புப் பாடியதில்லை. ஈமேக்ஸும் அப்படியே. ஒரு கோப்பைத் திறந்தபின் முதல் சேவ்வின்போது மட்டும் காப்பு எடுக்கும். அதன்பின் நாள் முழுக்க நானூறு தடவை சேவ் பண்ணினாலும் அந்த ஒன்றுதான். காலையில் திறந்தபோது எப்படி இருந்ததோ அந்த உருவம். ஈமேக்ஸை எழுதிய ரிச்சர்ட் ஸ்டால்மன் மாசச்சூசெட்ஸில் இருந்துகொண்டு பாட்டியல் இலக்கணம் படித்தார் என்று நான் வாதிடப் போவதில்லை. ஆனால் மரபு பிசகவில்லை.

காப்பு மூவகைப்படும். தன்காப்பு, பிறன்காப்பு, நம்பிக்காப்பு. தானே எடுத்து வைப்பது தன்காப்பு. இன்னொருவர் எடுத்து வைப்பது பிறன்காப்பு. அவர் எடுத்திருப்பார் என்று தானும், இவன் எடுத்திருப்பான் என்று அவரும் நிம்மதியாகத் தூங்குவது நம்பிக்காப்பு. மூன்றாவதற்கு உதாரணம் எங்கள் அனெக்ஸின் கேட். அறைத்தோழன் கொட்டாஞ்சேனைக்காரன். ஒருநாள் காலையில் பார்த்தால் கேட் ஆவென்று திறந்து கிடக்கிறது.

“மச்சான், நீ தானே கடைசியா வந்த? பூட்டலையா?”

“நீ பூட்டியிருப்பாய் எண்டு நினைச்சன்.”

“நான் நீ பூட்டிட்டேன்னு நினைச்சேன்.”

களவு ஏதும் போகவில்லை. போவதற்கு எங்களிடம் ஒன்றும் இல்லை என்பது வேறு. இவ்வுரையாடலை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன். ஈமேக்ஸுக்கும் கிட்டுக்கும் இடையே நடப்பது இதுதான்.

ஆய்வுக்களம்

கொழும்புப் புறக்கோட்டையில் 138 ஆம் இலக்கப் பஸ்ஸில் ஏறினால் ஹைலெவல் வீதியில் கிருலப்பனை தாண்டி வருவது நுகேகொடை. களனிவெளி ரயில் பாதை ஊரை ஊடறுத்துப் போகிறது. கங்கொடவிலவில் ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகம், நாவலவில் திறந்த பல்கலைக்கழகம் என்று இரண்டு பல்கலைக்கழகங்கள் அருகருகே இருக்கின்றன. இரண்டிடமும் இவ்வாய்வுக்கு நான் நிதி கேட்கவில்லை.

வெள்ளவத்தை வாடகை கட்டுப்படியாகாத தமிழ்ப் பெடியன்கள் இங்கே அனெக்ஸ் எடுத்து இருப்பார்கள். அனெக்ஸ் என்பது வீட்டுக்காரரின் வீட்டோடு ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கிற ஓர் அறை, ஒரு குளியலறை, தனிக்கதவு. யோசித்துப் பார்த்தால் அதுவும் வாலுள்ள வீடுதான். முருங்கைக்காயும் நல்லெண்ணெயும் வேண்டுமென்றால் ஓட்டோ பிடித்துப் பாமன்கடைப் பக்கமாக வெள்ளவத்தைக்கு இறங்க வேண்டும்.

‘நுக’ என்றால் சிங்களத்தில் ஆலமரம். கிட்காரர்கள் எடுத்ததற்கெல்லாம் கிளை பிரிப்பவர்கள். ஒரு சின்னத் திருத்தத்துக்கும் ஒரு கிளை. ஆகவே பதிப்புக் கட்டுப்பாட்டை ஆராய இதைவிடப் பொருத்தமான ஊர் இலங்கையில் இல்லை. ஊர்ப்பெயர் ஆராய்ச்சியாளர்கள் இந்த வாதத்தை ஏற்பார்களா என்று நான் கேட்டுப் பார்க்கவில்லை. கேட்காமல் இருப்பதும் ஓர் ஆய்வு முறையே.

முன்னோர்

ஈமேக்ஸ் முதலில் உருவானது 1976 இல், மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்தில். அங்கே ஓடிய இயங்குதளம் கோப்புகளுக்கு இலக்கம் போட்டு வைக்கும் வகை. அதே பெயரில் திரும்ப எழுதினால் பழையது அழியாது. 1, 2, 3 என்று இலக்கம் ஏறும். காப்பை இயங்குதளமே பார்த்துக்கொண்டதால் எடிட்டருக்குக் கவலை இல்லை. 1984 இல் ஸ்டால்மன் யூனிக்ஸுக்காக ஈமேக்ஸைப் புதிதாக எழுதத் தொடங்கியபோதுதான் சிக்கல். யூனிக்ஸ் பழையதன் தலைமேலேயே புதியதை எழுதிவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் இருக்கும். பிறந்த வீட்டின் வழக்கத்தை வந்த வீட்டில் தொடர்கிற மருமகள் மாதிரி, எடிட்டர் தானே காப்பு எடுக்கும் வழக்கத்தை ஏற்றுக்கொண்டது. வால் முளைத்த வரலாறு இது.

இன்னொரு பக்கத்தில் பதிப்புக் கட்டுப்பாடு தனியாக வளர்ந்தது. 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுகூடத்தில் மார்க் ராச்கைண்ட், 1980களில் பர்டூ பல்கலைக்கழகத்தில் வால்ட்டர் டிஷி, 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸின் கிட். டிஷியின் ஆர்சிஎஸ் என்னும் மென்பொருளில் கோப்பை நூலகப் புத்தகம்போல இரவல் எடுத்து, திருத்தி, திருப்பி ஒப்படைக்க வேண்டும். ஈமேக்ஸுக்குள் இவற்றோடு பேசுகிற பகுதியை எரிக் ரேமண்ட் 1990களின் தொடக்கத்தில் எழுதினார். இரவல் வாங்கிய புத்தகத்துக்கு எதற்கு இன்னொரு கொப்பி? அக்காலத்தில் நியாயமான கேள்விதான்.

நம்மவர்களை விட்டுவிடலாகாது. சிறுப்பிட்டி சி.வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது ஏடுகள் கைபட்டால் உதிர்கிற நிலையை முன்னுரையில் மனம் நொந்து எழுதினார். அதே ஆண்டில் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைக் கொண்டுவந்தார். ஒரே செய்யுளின் இரண்டு மூன்று ஏடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சொல் வேறுபடும் இடத்தைப் பாடபேதம் என்று அடியில் குறித்தார்கள். கிட் அதை டிஃப் என்கிறது. புது ஏட்டில் பெயர்த்து எழுதியபின் பழைய ஏட்டை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடும் வழக்கமும் இருந்தது. ஈமேக்ஸில் அதற்கும் ஒரு செட்டிங் உண்டு, பிறகு வருகிறேன்.

கொழும்புக்கும் இந்தக் குடும்பத்தோடு உறவு உண்டு. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு இங்குள்ள கட்டற்ற மென்பொருள்காரர்கள் எழுதிய ‘சஹானா’ என்ற இடர் முகாமைத்துவ மென்பொருளுக்கு, ஸ்டால்மன் நிறுவிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006 ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதைக் கொடுத்தது. ஈமேக்ஸின் வணக்கப் பட்டியலைத் திறந்தால் உலக மொழிகளுக்கு நடுவே தமிழிலும் ‘வணக்கம்’ இருக்கும். எங்களை அதற்குத் தெரியும். எங்கள் பழக்கவழக்கம்தான் தெரியாது.

பெயர் மயக்கம்

ஈமேக்ஸில் எல்லாமே செட்டிங். ஒவ்வொரு செட்டிங்குக்கும் ஒரு பெயர். ஆம் என்றால் ‘டீ’, இல்லை என்றால் ‘நில்’. இது லிஸ்ப் என்னும் நிரல்மொழியின் வழக்கம். அந்த நில் தமிழில் படித்தாலும் சரியாகவே வேலை செய்வது, ஒரு மொழி இன்னொன்றுக்குச் செய்த எதிர்பாராத உபகாரம். காப்புக்கு நேரே நில் என்று எழுதினால் காப்பு நிற்கும். டீயைப் பொறுத்தவரை யாழ்ப்பாணத்தில் ‘ரீ’ என்று எழுதுவார்கள். கொழும்பில் எழுதப்படும் ஆய்வாதலால் டீ.

இனி மயக்கம். ‘வெர்ஷன்-கன்ட்ரோல்’ என்றே ஒரு செட்டிங் இருக்கிறது. கிட்டோடு சம்பந்தப்பட்டது என்று நினைத்து நான் அதற்கு டீ கொடுத்தேன். அதற்கும் கிட்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. காப்புகளுக்கு இலக்கம் போடுவதா வேண்டாமா என்பதே அதன் வேலை, போட்டால் ‘சம்பளம்.~1~’, ‘சம்பளம்.~2~’ என்று வரிசை நிற்கும். கிட் கவனிக்கிற கோப்புக்கும் காப்பு எடு என்று சொல்கிற உண்மையான செட்டிங்கின் பெயர் ‘வீசி-மேக்-பேக்கப்-ஃபைல்ஸ்’. வாங்கி வரும்போதே அதில் எழுதியிருப்பது நில். கந்தசாமி என்று கூப்பிட்டால் பக்கத்து வீட்டுக் கந்தசாமி எட்டிப் பார்ப்பார்; நமக்கு வேண்டிய கந்தசாமியை வீட்டில் வேறு பெயரில் கூப்பிடுகிறார்கள்.

இலக்கக் காப்புகள் பெருகினால் என்ன செய்வது என்பதற்கு ஈமேக்ஸ் ஒரு விதி வைத்திருக்கிறது. மூத்தவை இரண்டு, இளையவை இரண்டு, அவை இருக்கலாம். நடுவில் உள்ளவற்றை அழிக்கவா என்று கேட்கும். ஆற்றில் விடும் செட்டிங் என்று மேலே சொன்னது இதைத்தான். அதற்கு டீ கொடுத்தால் கேட்காமலே விட்டுவிடும். எங்கள் வீட்டு அல்பத்தில் அண்ணனின் காதுகுத்து முதல் முதல்நாள் பள்ளிக்கூடம்வரை இருக்கிறது. கடைசித் தங்கச்சிக்கு வீடியோவே இருக்கிறது. நடுப்பிள்ளையான எனக்கு ஒரு குழுப்படத்தில் பாதித்தலை. ஈமேக்ஸை எழுதியவர்கள் வீட்டிலும் மூன்று பிள்ளைகள் இருந்திருக்க வேண்டும்.

காப்புகள் வேலைக் கோப்புகளுக்கு நடுவே குப்பையாகக் கிடக்கின்றன என்பவர்களுக்கு, எல்லாவற்றையும் ஒரே கோப்புறைக்கு அனுப்புகிற வசதி உண்டு. அங்கே போகும்போது கோப்பின் முழு முகவரியும் பெயரோடு சேரும். முகவரியின் சாய்கோடுகள் எல்லாம் ஆச்சரியக்குறிகளாகிவிடும். ‘!வீடு!வேலை!சம்பளம்~’. இப்படி ஒவ்வொன்றும் வியந்துகொண்டே நிற்கும் ஒரு கோப்புறையை நான் வேறெங்கும் கண்டதில்லை. சிலர் இதற்குத் தற்காலிகக் கோப்புறையையே காட்டிவிடுகிறார்கள். பல கணினிகளில் அது மறுபடி இயக்கும்போது துடைக்கப்படும். மழை வந்தால் நனையாமலிருக்கக் குடையை வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டுப் போவதற்குச் சமம்.

கள நிகழ்வு: 2022 மார்ச் 31

அன்றைக்கு நாட்டில் 13 மணி நேர மின்வெட்டு. டீசல் இல்லை, காஸ் இல்லை, பால்மா இல்லை. நான் எழுதிக்கொண்டிருந்தது ஒரு சின்ன நிறுவனத்துக்கான சம்பளக் கணிப்பு. ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரிடம் 8 சதவீதம், முதலாளியிடம் 12. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளியிடம் இன்னும் 3. கேட்க எளிது. இடையில் சேர்ந்தவர், இடையில் விலகியவர், சம்பளமில்லா லீவு எடுத்தவர் என்று வரும்போது கணக்கு நண்டுபோலப் பக்கவாட்டில் நடக்கத் தொடங்கும். ஒன்பது நாளாக அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கிட்டில் கொமிட் பண்ணவில்லை, அதாவது ‘இந்த உருவத்தைப் பதிந்துகொள்’ என்று அதனிடம் ஒப்படைக்கவில்லை. பாதி வேகாத நிரலைக் கொமிட் பண்ணுவது, மாப்பிள்ளை சம்மதிக்குமுன் கல்யாணக் காட் அடிப்பது மாதிரி. நாலுபேர் பார்ப்பார்கள்.

மடிக்கணினியின் பற்றரி நாற்பது நிமிடம் தாங்கும். ஆகவே அக்காலத்தில் தினமும் மெஷின் நின்றது, தினமும் ஈமேக்ஸ் புதிதாகத் திறந்தது. இந்த விபரம் முக்கியமானது, திரும்ப வருவேன்.

இரவு ஏழரை எட்டு இருக்கும். இருட்டு. மெழுகுதிரி. மிரிஹானப் பக்கமிருந்து ஒரு இரைச்சல். பங்கிரிவத்தையில் அப்போதைய ஜனாதிபதியின் வீட்டுக்கு முன் சனம் திரண்டுவிட்டது. அன்றிரவு அங்கே ஒரு பஸ் எரிந்ததும், நுகேகொடை உட்படக் கொழும்பின் பல பொலிஸ் பிரிவுகளில் ஊரடங்கு போட்டதும் செய்தியில் வந்தவை. செய்தியில் வராதது இது: அறைத்தோழன் ஓடிவந்து “மச்சான், வெளில வந்து பாரு, ரோடு நிறைய ஆளு!” என்று கத்த, நான் எதையோ தெரிவுசெய்து வைத்திருந்த நிலையில் எதையோ தட்டி, வழக்கமான பயபக்தியோடு சேவ் பண்ணிவிட்டு எழுந்து ஓடினேன். திரும்பி வந்தபோது பற்றரி செத்திருந்தது.

மறுநாள் கரண்ட் வந்து திறந்தால், இடைவிலகியவர் பகுதி முழுவதையும் காணோம். நூற்று நாற்பது வரி.

இனி தடயவியல். ஈமேக்ஸ் 300 விசை தட்டலுக்கு ஒருமுறை, அல்லது கை 30 விநாடி சும்மா இருந்தால், தானாக ஒரு சேவ் எடுக்கும். அந்தக் கோப்பின் பெயருக்கு இருபக்கமும் # இருக்கும். ஆனால் நாமாகச் சேவ் பண்ணிய மறுகணம் அதை அழித்துவிடும். நான் சேவ் பண்ணிவிட்டேனே. செய்ததைத் திருப்பும் அன்டூ வரலாறு நினைவகத்தில் இருந்தது; பற்றரியோடு உடன்கட்டை ஏறிவிட்டது. கிட்டிடம் கேட்டால் ஒன்பது நாளுக்கு முந்திய கோப்பை நீட்டி, ‘நீர் கடைசியாகத் தந்தது இதுதான் ஐயா’ என்றது. அலைக்குறிக் கோப்பு? கிட் பார்த்துக்கொள்ளும் என்று ஈமேக்ஸ் எடுக்கவில்லை. ஈமேக்ஸ் இடையில் என்ன செய்தது என்று கிட்டுக்குத் தெரியாது. கேட் ஆவென்று திறந்து கிடந்தது.

‘வீசி-மேக்-பேக்கப்-ஃபைல்ஸ்’ செட்டிங்கில் மட்டும் டீ இருந்திருந்தால், அன்று காலை திறந்தபோதிருந்த கோப்பு வாலோடு பக்கத்தில் இருந்திருக்கும். எட்டு நாள் வேலை தப்பியிருக்கும், ஒருநாள்தான் போயிருக்கும். மின்வெட்டு தினமும் மெஷினை அணைத்ததால் தினமும் ஒரு புதுக்காப்பு எழுந்திருக்கும். நாட்டின் மின்வெட்டு ஒருவனுக்கு உதவி செய்யக் காத்திருந்த ஒரே சந்தர்ப்பம் அது. ஒற்றை எழுத்தில் தவறிவிட்டது.

பெரியம்மா கோட்பாடு

வெள்ளவத்தையில் இருக்கும் பெரியம்மாவுக்கு ஈமேக்ஸ் தெரியாது. ஆனால் இத்துறையில் நான் அறிந்த மிகப் பெரிய அறிஞர் அவர்தான். அடுத்தநாள் போன் எடுத்தேன்.

“பெரியம்மா, ஒன்பது நாள் வேலை போட்டுது.”

“ஏன் தம்பி, கொப்பி எடுத்து வைக்கேல்லையே?”

“அது கிட்டில இருக்குது எண்டு நினைச்சன்.”

“கிட்டவோ? எவ்வளவு கிட்ட?”

கேள்வியை அவர் வேறு அர்த்தத்தில்தான் கேட்டார். ஆனால் இதுவரை கேட்கப்பட்ட கேள்விகளில் துல்லியமானது அதுவே. ஒன்பது நாள் தூரத்தில் இருந்தது.

பெரியம்மாவின் அலுமாரிக்குமேல் ஒரு மலிபன் பிஸ்கட் ரின். அதற்குள் பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, ஓ.எல், ஏ.எல் பெறுபேறுகள், செத்துப்போன பெரியப்பாவின் ஓய்வூதியக் கடிதங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று போட்டோக் கொப்பி. அதில் ஒன்று சமாதான நீதவானின் சீலோடு. போர்க்காலத்தில் பொலிஸில் கொடுத்த வதிவிடப் பதிவுப் படிவத்தின் கொப்பிகூட இன்னும் இருக்கிறது. “இப்ப ஆர் பெரியம்மா கேக்கப்போகினம்?” என்றால், “அப்பவும் கேக்கமாட்டினம் எண்டுதான் நினைச்சனாங்கள்” என்பார். இன்னொரு கட்டு கொக்குவிலில் தங்கச்சி வீட்டில். மூன்றாவது கட்டு ஸ்கார்பரோவில் மகனிடம். ஒரிஜினலைப் பூதம் வந்து கேட்டாலும் கையைவிட்டுக் கொடுக்கமாட்டார்.

2000களில் பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர், டிஜிட்டல் படங்களைக் காப்பது பற்றிய நூலில் மூன்று பிரதி, இருவகை ஊடகம், ஒன்று வேறிடத்தில் என்றொரு விதியைச் சொன்னார். கணினி உலகம் அதை வேதமாக எடுத்துக்கொண்டது. பெரியம்மா அதை 1983 ஓகஸ்ட்டில் கண்டுபிடித்தார். ஜூலைக் கலவரத்தில் வீடு எரிந்து, அகதி முகாமிலிருந்து கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்கியபோது கையில் ஒரு தாள் இல்லை. தான் பிறந்ததையும், படித்ததையும், கல்யாணம் கட்டியதையும் ஒவ்வொரு கந்தோராகப் போய் நிரூபிக்க அவருக்கு நான்கு வருடம் பிடித்தது.

யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது அதற்கும் முன்னே, 1981 இல். ஏறத்தாழ 97,000 நூல்கள். 2005 இல் நூலகம் என்ற பெயரிலேயே எண்ணிம நூலகம் தொடங்கி, ஈழத்து அச்சுத்தாள்களை ஒவ்வொன்றாக ஸ்கேன் பண்ணி வைக்கிறவர்கள் எதை நினைத்துச் செய்கிறார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. இதை வைத்து எனக்கு நகைச்சுவை வராது. அடுத்த பகுதிக்குப் போகிறேன்.

எதிர்வாதம்

கிட் இருந்தாலும் ஈமேக்ஸ் காப்பு எடுக்க வேண்டும் என்றதற்கு அறைத்தோழனின் மறுப்புகள் மூன்று. முதலாவது, அடிக்கடி கொமிட் பண்ணினால் இந்தப் பிரச்சினையே இல்லை. உண்மை. தினமும் அதிகாலை எழுந்து தேகப்பயிற்சி செய்தால் சீனி வருத்தமும் வராது. கொமிட் என்பது மனிதன் நினைத்துச் செய்வது. நாலுபேர் பார்க்கப் பத்திரிகையில் போடுகிற அறிவித்தல் மாதிரி. காப்பு என்பது கேட்காமலே நடப்பது. நினைக்கிறவனுக்குக் காப்புத் தேவையில்லை, நினைக்காத அன்றைக்குத்தான் தேவை.

இரண்டாவது, வாலுள்ள கோப்புகள் கிட்டுக்குள் போய்விடும். போகும். ஒரு சனிக்கிழமை அவசரத்தில் அவனே எல்லாவற்றையும் சேர் என்று தட்டி, நாற்பது வால்களை உள்ளே அனுப்பிவிட்டுத் திங்கள் ஆபீஸில் பேச்சு வாங்கினான். கிட்டின் புறக்கணிப்புப் பட்டியலில் ஒரு நட்சத்திரமும் ஓர் அலைக்குறியும் எழுதினால் தீர்ந்தது. இரண்டே எழுத்து.

மூன்றாவது, “வேற எடிட்டருக்கு மாறு மச்சான்.” விம்மைப் பார்த்தேன். அதுவும் எழுதுமுன் ஒரு காப்பு எடுக்கிறது. ஆனால் எழுதி முடிந்ததும் தானே அழித்துவிடுகிறது. பந்தி முடியுமுன் இலையை எடுப்பவன் மாதிரி. அவன் பாவிக்கும் விஎஸ் கோடில், கிட்டைச் சாராமல் ஒவ்வொரு சேவ்வையும் தனியே வைத்திருக்கும் ‘லோக்கல் ஹிஸ்டரி’ இருக்கிறது. அது எந்தப் பதிப்பில் வந்தது என்று தேடிப் பார்த்தேன். 2022 மார்ச். என் நூற்று நாற்பது வரி போன அதே மாதம். கிட் இருக்கும்போதும் எடிட்டர் தனியாகக் காப்பு எடுக்க வேண்டும் என்று அவர்களும் கண்டுகொண்டுவிட்டார்கள். அவனிடம் இதைச் சொல்லவில்லை. வாதத்தில் தோற்கிற ஆய்வாளனுக்கு அனெக்ஸில் மரியாதை இராது.

தீர்ப்பு

‘பார்க்க ஆள் இருக்கிறது, நமக்கென்ன’ என்று விட்டுவிடுவது, வீடு ஒருமுறையும் எரியாதவர்களின் செட்டிங். அவர்கள் ஊரில் அது சரியாக இருக்கலாம். பிஸ்கட் ரின்னோடு வளர்ந்தவர்களுக்குப் பொருந்தாது. நான் மாற்றிவிட்டேன். இப்போது என் கோப்புறை முழுவதும் ஆச்சரியக்குறிகளும் அலைகளுமாக இருக்கிறது. வந்து பார்த்த பெரியம்மா, “இதில ஒண்டைக் கொக்குவிலுக்கும் அனுப்பிவிடு” என்றார்.

உங்களிடம் ஈமேக்ஸ் இருந்தால் ஒருதரம் திறந்து பாருங்கள். நீங்கள் தொட்டிராவிட்டால் ‘வீசி-மேக்-பேக்கப்-ஃபைல்ஸ்’ என்ற இடத்தில் இன்னும் நில் என்றுதான் எழுதியிருக்கும். ஒரு டீ போடுங்கள்.